ஸ்டாண்ட் மிக்ஸர் இல்லாத வீட்டில் கேக்கும் ரொட்டியும்: கை போதுமா?

கேள்வி | ஜூன் 4, மாலை 6.10

ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்குற எண்ணம் இல்லை, வைக்க இடமும் இல்லை. ஆனா எந்த ரெசிபியை எடுத்தாலும் "மீடியம் ஸ்பீடில் 5 நிமிஷம்"னுதான் ஆரம்பிக்குது. கையால அடிச்சா கேக் அமுங்கிப்போய் வருது, கை வலிதான் மிச்சம். மெஷின் இல்லாம பட்டர் கேக், ரொட்டி, மெரிங்க் (முட்டை வெள்ளையும் சர்க்கரையும் நுரைக்க அடிச்சுப் பண்றது) எதுவும் உருப்படியா வராதுங்கிறது என் முடிவு. யாராவது மறுக்க முடியுமா?

ஜூன் 4, இரவு 9.25

நான் மறுக்கிறேன், முழுசா இல்லை, முக்கால்வாசி. ரொட்டிக்கு மெஷின் தேவையே இல்லை. க்ரீமுக்கும் தேவையில்லை. பட்டர் கேக் கையால நல்லாவே வரும். மெரிங்குக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனா வரும். மார்ஷ்மெல்லோ, பிரியோஷ் (வெண்ணெய் நிறைய சேர்க்கிற பிரெஞ்சு ரொட்டி) ரெண்டுக்கும் மெஷின் இருக்கிறவங்க வீட்டுக்குப் போயிடுங்க.

ரெசிபியில இருக்கிற நிமிஷக் கணக்கை முதல்ல மறந்துடுங்க. அது அவங்க மோட்டாரோட கணக்கு. உங்க கைக்கு வேண்டியது அடையாளம்: நிறம் எப்படி மாறணும், ஓரத்துல எப்படி ஒட்டணும், கரண்டியைத் தூக்கினா எப்படி விழணும்.

ஒரு கேள்வி. வெண்ணெய் எந்தப் பதத்துல இருக்கும்போது அடிச்சீங்க?

ஜூன் 4, இரவு 10.50

பதில் வர்றதுக்குள்ள வெண்ணெய் விஷயத்தை எழுதிடறேன். பட்டர் கேக்ல பாதிப் பேர் கோட்டை விடறது இங்கேதான்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கிறது கலக்குறதுக்காக இல்லை. சர்க்கரைப் படிகத்தோட கூர்முனை வெண்ணெய்க்குள்ள உழுது போகும்போது பின்னாடியே காத்தை இழுத்துட்டுப் போகும். அந்தக் குட்டிக் குட்டிக் காத்துப் பைதான் கேக்கோட அஸ்திவாரம். பேக்கிங் பவுடர் புதுசா குமிழி உண்டாக்கும்னு நினைக்கிறவங்க நிறைய. அப்படி இல்லை. ஏற்கெனவே இருக்கிற குமிழியை அது ஊதிப் பெருசாக்கும், அவ்வளவுதான். குமிழியே இல்லாத மாவுல எவ்வளவு பவுடர் போட்டாலும் ஒண்ணும் பெருசா நடக்காது.

காத்தைப் பிடிச்சு வைக்கணும்னா வெண்ணெய் 18–20 டிகிரி செல்சியஸ்ல இருக்கணும். விரலால அழுத்தினா பள்ளம் விழணும், ஆனா விரல் வழுக்கிட்டுப் போகக் கூடாது, பளபளப்பும் இருக்கக் கூடாது. அதுக்குக் கீழே போனா கல்லு, மேலே போனா எண்ணெய். எண்ணெயில காத்து நிக்காது. மெஷின் வச்சிருக்கிறவங்க கொஞ்சம் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டாலும் மோட்டார் உரசலே அதைச் சூடாக்கி வழிக்குக் கொண்டுவந்திடும். கைக்கு அந்த வசதி இல்லை. அதனால ஆரம்பிக்கும்போதே பதம் சரியா இருக்கணும்.

கருவி: மரக் கரண்டி. பலூன் விஸ்க் (கம்பி வளையங்களால ஆன அடிப்பான்) எடுத்தா மொத்த வெண்ணெயும் உருண்டையா கம்பிக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அதைத் தட்டித் தட்டி வெளியே எடுக்குறதே தனி வேலை. மரக் கரண்டியோட முதுகால வெண்ணெயைப் பாத்திரச் சுவர்ல தேய்ச்சுப் பரப்புங்க, வழிச்சு நடுவுக்குக் கொண்டுவாங்க, மறுபடி தேய்ங்க. வெறும் வெண்ணெய் நல்லா இளகின அப்புறம் சர்க்கரையை ரெண்டு மூணு தவணையாப் போடுங்க. முதல்ல சர்க்கரை பாத்திரத்துல நறநறன்னு உரசும். போகப் போக அந்தச் சத்தம் மட்டுப்படும், மஞ்சள் வெளுத்துத் தந்த நிறத்துக்கு வரும், கரண்டிக்குக் கனம் குறைஞ்ச மாதிரி தெரியும். அதுவரைக்கும் விட வேண்டாம். மெஷினுக்கு 4 நிமிஷம்னா கைக்கு 8–10 நிமிஷம் வச்சுக்கோங்க. நடுவுல உட்கார்ந்து ஓய்வு எடுத்தா தப்பே இல்லை. பிடிபட்ட காத்து எங்கேயும் ஓடிப்போகாது.

சர்க்கரை சீக்கிரம் கரையட்டும்னு பொடிச்ச சர்க்கரை போடாதீங்க. முனை இல்லாத பொடி காத்தை இழுக்காது. சின்னப் பருக்கையா இருக்கிற சர்க்கரைதான் கைக்கு ஏத்தது.

ஜூன் 5, காலை 7.15

பதில் வந்துடுச்சு: "மைக்ரோவேவ்ல வச்சு இளக்கினேன், பாதி உருகியிருந்தது."

அப்போ கை மேல பழி போட வேண்டாம். ஒரு தடவை உருகின வெண்ணெயை மறுபடி ஃபிரிட்ஜ்ல வச்சு இறுக்கினாலும் பழைய அமைப்பு திரும்பாது, காத்தைப் பிடிக்கிற திறமை குறைஞ்சுதான் இருக்கும். மைக்ரோவேவ் வேண்டாம். சின்னச் சின்னத் துண்டா வெட்டித் தட்டுல பரப்பி வச்சா தானாப் பதத்துக்கு வரும். அவசரம்னா ரெண்டு காகிதத்துக்கு நடுவுல வச்சு உருளைக்கட்டையால நல்லா தட்டுங்க. சூடே ஏறாம மெத்துன்னு ஆயிடும். சமையலறை வெக்கையா இருந்தா பாத்திரத்தை நடுவுல ஒரு நிமிஷம் குளிர்ந்த தண்ணி மேல வச்சு எடுங்க.

இன்னொண்ணு, முட்டை. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த முட்டையை நேரா ஊத்தினா வெண்ணெய் திரிஞ்சு தயிர் மாதிரி பிரியும். முட்டையை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, தனியா அடிச்சு, கரண்டி கரண்டியா ஊத்துங்க. ஒவ்வொரு கரண்டியும் மறைஞ்ச அப்புறம் அடுத்தது. பிரியுற மாதிரி தெரிஞ்சா ரெசிபியில இருக்கிற மாவுலேயே ஒரு கரண்டி எடுத்துத் தூவி அடிங்க, சேர்ந்துக்கும்.

ஜூன் 5, பகல் 1.40

"அந்தக் காலத்துல எப்படிப் பண்ணாங்க?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கேட்டதால கொஞ்சம் வழி மாறிப் போறேன், பொறுத்துக்கோங்க.

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் குறிப்புகள்ல பவுண்ட் கேக்குக்கு "கையாலோ பெரிய மரக் கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடி"ன்னு இருக்கும். மிகைப்படுத்தல் இல்லை. அப்போ பேக்கிங் பவுடர் கிடையாது. ஈஸ்ட் போடாத கேக் எழும்பணும்னா உள்ளே அடிச்சு ஏத்தின காத்து மட்டும்தான் கதி. அடிச்சது பெரும்பாலும் வீட்டு வேலைக்காரப் பொண்ணு, எழுதினது வேற ஆள். ஒரு மணி நேரம்னு எழுதறது சுலபமா இருந்ததுக்கு அதுதான் காரணம்னு எனக்குத் தோணும்.

1843ல இங்கிலாந்துல ஆல்ஃபிரட் பேர்டுங்கிற வேதியியலர் பேக்கிங் பவுடர் பண்ணினார். மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கலைங்கிறதுதான் காரணம். அப்புறம் கைப்பிடி சுத்துற முட்டை அடிப்பான் வந்தது. அமெரிக்காவுல 1856லயே அதுக்கு ஒரு காப்புரிமை பதிவாகியிருக்கு, 1870கள்ல அது வீட்டு வீட்டுக்குப் போச்சு. ஸ்டாண்ட் மிக்ஸர் கதை 1908ல ஆரம்பிக்குது. ஹோபார்ட் கம்பெனியில இருந்த ஹெர்பர்ட் ஜான்ஸ்டன்ங்கிற இன்ஜினியர், ஒரு பேக்கர் இரும்புக் கரண்டியால ரொட்டி மாவைப் பிசைஞ்சு அல்லாடுறதைப் பார்த்துத்தான் மெஷின் யோசனைக்கு வந்தார்னு சொல்வாங்க. முதல்ல வந்தது பேக்கரிக்கான 80 குவார்ட் (சுமார் 76 லிட்டர்) பூதம். வீட்டு மாடல் 1919ல வந்தப்போ அதோட எடை 65 பவுண்டு, கிட்டத்தட்ட 30 கிலோ. வைக்க இடமில்லைன்னு கேள்வி கேட்டவர் புலம்பினாரே, அந்தப் புலம்பலுக்கு நூறு வயசு தாண்டிடுச்சு.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா: பேக்கிங் பவுடர் வந்த அப்புறம் எழுதின நிறைய ரெசிபிக்கு அடிக்கிறது பாதி அலங்காரம். எண்ணெய் ஊத்திப் பண்ற கேக், உருக்கின வெண்ணெய்ல பண்ற பிரௌனி, மஃபின் எல்லாத்துக்கும் ஒரு விஸ்க் போதும். கை வலிக்கிற அன்னிக்கு அந்தப் பக்கம் போயிடுங்க.

ஜூன் 6, காலை 6.50

ரொட்டி. இது எனக்குப் பிடிச்ச இடம், நீளும்.

பிசையறதுனால மாவுக்குள்ள பசையம் (மாவை இழுபட வைக்கிற குளூட்டன்) உண்டாகுதுன்னு பொதுவா நினைப்போம். உண்மையில கோதுமை மாவுல இருக்கிற குளூட்டெனின், கிளையடின் ரெண்டு புரதமும் தண்ணி பட்டாலே தானா இணைய ஆரம்பிச்சிடும். பிசையறது அதை வேகப்படுத்தி ஒழுங்குபடுத்துது. நேரம் கொடுத்தா பிசையாமலே பெரும்பாதி வேலை முடியும்.

பிரெஞ்சு ரொட்டி நிபுணர் ரேமோன் கால்வெல் 1974ல ஆட்டோலீஸ்னு ஒண்ணு சொன்னார். மாவையும் தண்ணியையும் மட்டும் கலந்து 20–30 நிமிஷம் மூடி வச்சிடணும். உப்பு கூடாது, ஏன்னா உப்பு பசையத்தை இறுக்கும். அரை மணி கழிச்சு மூடியைத் திறந்து பாருங்க. வைக்கும்போது கந்தலா, பிய்ஞ்சு பிய்ஞ்சு கிடந்த மாவு இப்போ ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா ஒரு சாண் நீளம் வரும். யாரும் தொடவே இல்லை. அதுக்கு மேல உப்பு, ஈஸ்ட் சேர்த்து மூணு நாலு நிமிஷம் பிசைஞ்சா போதும், 12 நிமிஷம் மாரடிக்க வேண்டாம்.

அடுத்தது, இழுத்து மடிக்கிறது. தண்ணி தூக்கலான மாவுக்கு இதை விட்டா வேற வழி இல்லை. பாத்திரத்துலேயே வச்சு, கையை நனைச்சுக்கிட்டு, ஒரு ஓரத்தை மேலே இழுத்து நடுவுல மடிங்க. பாத்திரத்தைக் கால் வட்டம் திருப்பி மறுபடி. நாலு பக்கமும் ஆச்சுன்னா ஒரு சுற்று. அரை மணிக்கு ஒரு சுற்று, மூணு நாலு சுற்று. ஒவ்வொண்ணும் அரை நிமிஷ வேலை. முதல் சுற்றுல மாவு விரலோட வரும், கடைசி சுற்றுல மொத்தமாத் தூக்கினா பாத்திரமே காலியாகிற மாதிரி ஒண்ணா எழும்பும்.

சோம்பேறிகளுக்கும் வழி இருக்கு. நியூயார்க் பேக்கர் ஜிம் லாஹியோட பிசையாத ரொட்டி 2006 நவம்பர்ல அங்கே செய்தித்தாள்ல வந்து உலகம் பூரா பரவுச்சு. கால் டீஸ்பூன் ஈஸ்ட், ஈரமான மாவு, கரண்டியால ஒரு கலக்கு, 12–18 மணி நேரம் அப்படியே விடுறது, அப்புறம் மூடி போட்ட சூடான கனத்த பாத்திரத்துல வேக வைக்கிறது. பிசையறதுக்குப் பதிலா தூங்கறது. எனக்கு இதுல ஒரே குறை, மதியம் ரொட்டி வேணும்னு முந்தின நாள் சாயங்காலமே முடிவு பண்ணணும்.

ஜூன் 6, இரவு 8.05

"அதெல்லாம் சமாளிப்பு, மெஷின்ல பிசைஞ்சாதான் நல்ல ரொட்டி"ன்னு ஒருத்தர் கோபமா எழுதியிருக்கார். சார், நேர்மாறாவும் ஒரு வழக்கு இருக்கு. மெஷின்ல வேகமா ரொம்ப நேரம் பிசைஞ்சா மாவுக்குள்ள ஆக்ஸிஜன் ஏறி, மாவோட இயல்பான மஞ்சளுக்கும் மணத்துக்கும் காரணமான கரோட்டினாய்டுங்கிற நிறமி அழிஞ்சுபோகும். ரொட்டி வெள்ளை வெளேர்னு உப்பும், ருசி இருக்காது. பிரான்ஸ்ல ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பேக்கரிகள் இப்படித் தீவிரமாப் பிசைய ஆரம்பிச்சதைப் பார்த்துத்தான் கால்வெல் கொதிச்சார். அந்த ஆட்டோலீஸே பிசையற நேரத்தைக் குறைக்கிறதுக்காக வந்ததுதான். கையால பிசைஞ்சு மாவைக் கெடுக்கணும்னா அசாத்திய பலம் வேணும். நம்மகிட்ட அது இல்லைங்கிறது இந்த இடத்துல நல்லதாப் போச்சு.

மாவு பதமாச்சான்னு பார்க்க: சின்ன உருண்டையைக் கிள்ளி விரல்களால மெல்ல விரிச்சு வெளிச்சத்துக்கு நேரே பிடிங்க. கிழியாம, விரல் நிழல் தெரியுற சவ்வா விரிஞ்சா சரி.

ஜூன் 7, மாலை 5.30

க்ரீம். சின்னக் குறிப்புதான்.

கொழுப்பு 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தா எந்த மெஷினாலயும் நிக்காது. 35க்கு மேல இருந்தா கைக்கு நிம்மதி. க்ரீம், பாத்திரம், விஸ்க் மூணும் ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில இருக்கணும். உலோகப் பாத்திரமா இருந்தா குளிர்ச்சி நிக்கும். ஒரு கப் அளவுன்னா 5 நிமிஷம் போல ஆகும்.

வட்டமாச் சுத்தாதீங்க. வட்டமாச் சுத்தினா க்ரீமும் விஸ்க்கோட சேர்ந்து ஊர்வலம் போகும், உரசலே இருக்காது. பாத்திரத்தைச் சாய்ச்சு வச்சு, இடமும் வலமுமா நேர்கோட்டுல வேகமா ஆட்டுங்க. ஒரு பக்கம் தள்ளின க்ரீம் நகரும்போதே அடுத்த அடி எதிர்ப்பக்கம் இருந்து மோதும். அந்த மோதல்தான் வேலையைச் செய்யுது. முழங்கையைப் பூட்டிட்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டினா சீக்கிரம் ஓய்ஞ்சு போக மாட்டீங்க.

பாத்திரத்துக்கு அடியில ஈரத் துணியை வளையமாச் சுருட்டி வைங்க. இல்லேன்னா பாதிக் கவனம் ஓடுற பாத்திரத்தைத் துரத்துறதுலேயே போயிடும்.

இதைவிடச் சுலபம், மூடி இறுக்கமான பாட்டில்ல பாதிக்கும் கீழே க்ரீம் ஊத்திக் குலுக்குறது. சளக் சளக்னு கேட்கிற சத்தம் திடீர்னு அடங்கும். அங்கேயே நிறுத்தணும். குழந்தைங்க கையில குடுத்தா நிறுத்த மாட்டாங்க, வெண்ணெய் ஆயிடும். அதுவும் நஷ்டமில்லை, உப்பு போட்டு ரொட்டிக்குத் தடவிக்கலாம்.

ஜூன் 8, காலை 11.20

மெரிங்க் வேணும்னு மூணு பேர் கேட்டாச்சு. சரி.

முட்டை வெள்ளை அடிக்கிறதுல பலம் ரெண்டாம்பட்சம், சுத்தம் முதல். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் நுரை எழும்புறது பாதிக்கும், ஏன்னா கொழுப்பு போய்க் குமிழிச் சுவர்ல புரதத்தோட இடத்தைப் பிடிச்சுக்கும். அதனால ஒவ்வொரு முட்டையையும் முதல்ல ஒரு சின்னக் கிண்ணத்துல பிரிச்சு, வெள்ளை சுத்தமா இருந்தா மட்டும் பெரிய பாத்திரத்துக்கு மாத்துங்க. பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம். எத்தனை கழுவினாலும் அதுல எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். குளிர்ந்த முட்டை பிரிக்கச் சுலபம், அறை வெப்பத்துக்கு வந்த முட்டை அடிக்கச் சுலபம். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் பிரிச்சு, கொஞ்ச நேரம் வெளியே வச்சு அடிங்க. புது முட்டையைவிடச் சில நாள் ஆன முட்டை சீக்கிரம் நுரைக்கும். புது முட்டை நுரை தாமதமா வந்தாலும் உறுதியா நிக்கும். கைக்காரங்க பழசையே எடுத்துக்கலாம்.

இப்போ பலூன் விஸ்க் எடுக்கலாம், கம்பி எத்தனை அதிகமோ அவ்வளவு நல்லது. க்ரீம் மாதிரி இடம் வலம் இல்லை. அடியில இருந்து அள்ளி, விஸ்க் வெளியே வந்து மறுபடி உள்ளே போற மாதிரி பெரிய வளையமா அடிக்கணும். வெள்ளை கொழகொழன்னு கம்பியில ஒட்டிக்கிட்டு மேலே வரும்போது காத்தைச் சேர்த்துக்கிட்டு இறங்கும்.

மெதுவா ஆரம்பிங்க. முதல்ல சோப்பு நுரை மாதிரி பெரிய பெரிய குமிழி. அது சின்னதாகி வெளுக்கும்போது எலுமிச்சைச் சாறு நாலஞ்சு சொட்டோ, ஒரு வெள்ளைக்கு அரைக்கால் டீஸ்பூன் கணக்குல க்ரீம் ஆஃப் டார்ட்டர்ங்கிற புளிப்புப் பொடியோ போடுங்க. புளிப்பு இருந்தா நுரை அளவுக்கு மீறி இறுகித் தண்ணி விடாது. சர்க்கரையை எப்போ போடறதுங்கிறதுலதான் கைக்கும் மெஷினுக்கும் வித்தியாசம். சீக்கிரம் போட்டா நுரை வழுவழுன்னு உறுதியா வரும், ஆனா எழும்ப ரொம்ப நேரமாகும். மோட்டாருக்கு அது கவலையில்லை. கையால அடிக்கிறவங்க நுரை மென்மையா வளையற முனைக்கு வர்ற வரைக்கும் சர்க்கரையைத் தொடாதீங்க. அப்புறம் ஒவ்வொரு கரண்டியா.

முனை நிமிர்ந்து நின்னு பளபளப்பா இருந்தா நிறுத்தணும். பளபளப்பு போய்ப் பஞ்சு மாதிரி கட்டி கட்டியா ஆச்சுன்னா தாண்டிட்டீங்க. கையால அடிக்கிறதுல ஒரு லாபம், தாண்டுறதுக்கு முன்னாடியே கை நிறுத்தச் சொல்லிடும்.

வெள்ளை தன் அளவைப் போல எட்டு மடங்கு வரைக்கும் வளரும். ரெண்டு முட்டைக்குச் சின்னப் பாத்திரம் எடுத்துட்டு அப்புறம் அல்லாடாதீங்க.

ஜூன் 8, இரவு 9.40

"அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், முட்டை மட்டும் நகரலை"ன்னு ஒரு புண்ணியவான் எழுதியிருக்கார். என்ன பாத்திரம்னு விசாரிச்சா பிளாஸ்டிக் டப்பாவாம். மேலே இருக்கிற குறிப்பைப் படிக்காம அம்மியைத் திட்டாதீங்க.

ஜூன் 9, காலை 8.30

மணிக்கட்டு வலி இருக்கிற ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எல்லாம் சரி, எனக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல அடிக்க முடியாதே?" நியாயமான கேள்வி. இதுவரைக்கும் நான் எழுதினதெல்லாம் நல்லாருக்கிற கையை நினைச்சு எழுதினது.

அம்மா, உங்களுக்கு மெஷினுக்கும் கைக்கும் நடுவுல இருக்கிறது வேணும். கைப்பிடி மெல்லிசா இருக்கிற விஸ்க் பிடிக்கவே வலிக்கும். அதுல ஒரு துணியைச் சுத்தித் தடிமனாக்கிக்கோங்க. பாத்திரத்தை மேசை மேல வைக்காம, உட்கார்ந்து மடியில வச்சா தோளைத் தூக்க வேண்டியதில்லை. கைப்பிடி சுத்துற பழைய அடிப்பான் கிடைச்சா மணிக்கட்டுக்கு இதம். ஆனா ஒரு கை பிடிக்க, ஒரு கை சுத்த, பாத்திரத்தைப் பிடிக்க மூணாவது கை வேணும். ஈரத் துணிதான் அந்த மூணாவது கை. கையில பிடிக்கிற எலெக்ட்ரிக் பீட்டர் இருந்தா முட்டைக்கும் க்ரீமுக்கும் அதுவே தாராளம். அலமாரியில ஒரு மூலையில அடங்கிடும். கெட்டியான ரொட்டி மாவை மட்டும் அதுல போட வேண்டாம், மோட்டார் கருகும். ரொட்டிக்குத்தான் மடிக்கிற முறை இருக்கே.

ஜூன் 9, மாலை 4.15

"மிக்ஸியில அடிச்சா என்ன?"ங்கிற கேள்வி வரும்னு தெரியும், வந்துடுச்சு.

மிக்ஸி பிளேடு வெட்டும், அடிக்காது. காத்தை உள்ளே ஏத்தி வைக்கிற வேலைக்கு அது ஆள் இல்லை. முட்டை வெள்ளையைப் போட்டா கொஞ்சம் நுரைச்சு அத்தோட நின்னுடும். கேக் மாவை மிக்ஸியில ஓட்டினா பசையம் இழுபட்டு ரப்பராயிடும். கேக்குக்கு மிக்ஸியைப் பயன்படுத்தியே ஆகணும்னா முட்டை, சர்க்கரை, எண்ணெய் மட்டும் அதுல ஓட்டிட்டு, மாவைப் பாத்திரத்துல கரண்டியால சேருங்க. அது நல்லாவே வேலை செய்யும்.

ஃபுட் பிராசஸர் வேற ஜாதி. டார்ட் மாவுக்குக் குளிர்ந்த வெண்ணெயையும் மாவையும் விட்டு விட்டுச் சில தடவை அழுத்தினா கைச்சூடு படாம பொலபொலன்னு வரும். ரொட்டி மாவையே அது ஒரு நிமிஷத்துல பிசைஞ்சிடும். ஆனா சூடு சட்டுனு ஏறும், அதனால தண்ணியைக் குளிர்ச்சியா ஊத்துங்க.

கையில பிடிக்கிற ஹேண்ட் பிளெண்டரை மயோனைஸுக்கு அடிச்சுக்க ஆளில்லை. அதோட தலை மட்டும் நுழையுற குறுகின ஜாடி. அடியில மஞ்சள் கரு, எலுமிச்சை, கடுகு விழுது. மேலே மொத்த எண்ணெயும். பிளெண்டரை அடியில அழுத்தி வச்சு ஓட விடுங்க. கீழே இருந்து வெள்ளையா ஒரு புகை கிளம்பும். அது பாதி ஜாடிக்கு வந்த அப்புறம் மெல்ல மேலே தூக்குங்க. விஸ்க்லயும் முடியும், ஆனா எண்ணெயைச் சொட்டுச் சொட்டா ஊத்தணும். பிரிஞ்சு போச்சுன்னா கொட்டாதீங்க. இன்னொரு பாத்திரத்துல புது மஞ்சள் கரு ஒண்ணை வச்சு, பிரிஞ்சதைச் சொட்டுச் சொட்டா அதுல ஊத்தி அடிங்க, சேர்ந்திடும்.

ஜூன் 11, இரவு 10.10

4ஆம் தேதி போட்ட பட்டியல்ல பிரியோஷை மார்ஷ்மெல்லோவோட சேர்த்துத் தள்ளிவச்சிருந்தேன். ரெண்டு நாளா யோசிச்சதுல பிரியோஷை இந்தப் பக்கம் கொண்டுவரலாம்னு படுது. அதுல கஷ்டம் வெண்ணெய். மாவு எடையில பாதி வெண்ணெய் சேரணும். கைச்சூட்டுல அது உருகினா மாவு எண்ணெயாகி வழியும். மாவை முதல்ல வெண்ணெய் இல்லாமலே நல்லா பிசைஞ்சு பசையம் வந்த அப்புறம், தட்டி இளக்கின, ஆனா இன்னும் குளிர்ச்சியா இருக்கிற வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா வச்சு, மாவைத் தூக்கி மேடையில அறைஞ்சு மடிச்சு அறைஞ்சு மடிச்சுச் சேர்க்கணும். நடுவுல மாவு வெதுவெதுன்னு தோணினா மூடி ஃபிரிட்ஜ்ல கால் மணி நேரம். ராத்திரி முழுக்கக் குளிர்ல விட்டா மறுநாள் உருட்ட வாகா இருக்கும். மேடை, கை, முழங்கை எல்லாம் வெண்ணெய். கீழ் வீட்டுக்காரங்க என்ன சத்தம்னு கேட்கலாம். ஆனா வரும்.

மார்ஷ்மெல்லோ அங்கேயேதான் இருக்கும். 115 டிகிரிக்கு மேல கொதிக்கிற பாகை ஒரு கையால மெல்லிசா ஊத்திக்கிட்டே இன்னொரு கையால பத்து நிமிஷத்துக்கு மேல விடாம அடிக்கணும். அலுப்பைவிட ஆபத்து பெருசு. சூடான பாகை ஊத்தி அடிக்கிற இத்தாலியன் மெரிங்குக்கும் இதே கதைதான். அதுக்குப் பதிலா வெள்ளையையும் சர்க்கரையையும் ஒண்ணாக் கொதிநீர்ப் பாத்திரத்து மேல வச்சுச் சர்க்கரை கரையற வரைக்கும் கிளறிச் சூடாக்கி, இறக்கி அடிக்கிற ஸ்விஸ் முறை இருக்கு. பாகு தெறிக்கிற பயம் இல்லை, ஆனா கை கழண்டுடும். எலெக்ட்ரிக் பீட்டரை எடுக்கத் தயங்காதீங்க.

ஜூன் 12, காலை 7.00

மஃபின்ல குகை மாதிரி ஓட்டை விழுதுன்னு ஒருத்தர். அதிகமாக் கலக்கினா அப்படித்தான் ஆகும். ஈரமானதையும் உலர்ந்ததையும் சேர்த்த அப்புறம் பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டினா போதும், கட்டி இருந்தாலும் விட்டுடுங்க, வேகும்போது காணாமப் போகும். உலர்ந்த சாமான்களை மட்டும் முன்னாடியே விஸ்க்கால ஒரு நிமிஷம் நல்லா கலந்து வைங்க. சமையல் சோடா ஒரே இடத்துல தங்கினா பழுப்புப் புள்ளியும் சோப்பு வாடையும் வரும். சலிக்கிறதுனால கட்டி உடையும், ஆனா சோடா சீராப் பரவுறதுக்கு விஸ்க்தான் மேல்.

ஜூன் 12, மாலை 6.45

நுரைச்ச வெள்ளையை மாவோட சேர்க்கிறது பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. முதல்ல மூணுல ஒரு பங்கு நுரையைத் தியாகம் பண்ணுங்க. அதை மாவோட தாராளமாக் கலந்து மாவை இளக்குங்க. மிச்சத்தை ரெண்டு தவணையாப் போட்டு, ரப்பர் ஸ்பாட்டுலாவை நடுவுல கத்தி மாதிரி இறக்கி, அடியில வழிச்சு, ஓரமா மேலே கொண்டுவந்து புரட்டிப் போடுங்க. ஒவ்வொரு புரட்டுக்கும் பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்புங்க. வெள்ளைக் கோடு ஒண்ணு ரெண்டு தெரிஞ்சாலும் நிறுத்திடலாம். ஸ்டாண்ட் மிக்ஸர் சொந்தமா வச்சிருக்கிறவங்களும் இந்தக் கட்டத்துல அதை அணைச்சிட்டுக் கைக்குத்தான் வராங்க.

சாக்லேட் கனாஷும் (சாக்லேட்டும் க்ரீமும் சேர்ந்த கலவை) அப்படித்தான். அதுல காத்தே ஏறக் கூடாது. சூடான க்ரீமை ஊத்தி ஒரு நிமிஷம் சும்மா விட்டு, நடுவுல இருந்து சின்ன வட்டமாக் கரண்டியால ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகணும்.

ஜூன் 14, பகல் 12.20

செம்புப் பாத்திரத்துல வெள்ளை அடிச்சா நல்லதாமேன்னு கேட்டவருக்கு: ஆமாம். பிரெஞ்சு சமையலறைகள்ல நூற்றாண்டுக் கணக்கா அதைத்தான் வச்சிருக்காங்க. செம்போட அயனி ரொம்பக் கொஞ்சமா வெள்ளையில கலந்து, புரதம் அளவு மீறி இறுக்கிக்கொள்ளாமத் தடுக்குது. அதனால அடி கொஞ்சம் கூடிப்போனாலும் நுரை சட்டுனு திரியாது. ஈயம் பூசாத பாத்திரமா இருக்கணும், பூசினதுல அந்தப் பலன் இல்லை. அடிக்கிறதுக்குச் சற்று முன்னாடி உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ச்சு, நல்லா கழுவி, துடைச்சிடுங்க. அதுல க்ரீம் ஆஃப் டார்ட்டரோ எலுமிச்சைச் சாறோ ஊத்த வேண்டாம், செம்பு தேவைக்கு மேல கரையும். அடிச்சு முடிச்சதும் நுரையை அதுலேயே விட்டுவைக்காம வேற பாத்திரத்துக்கு மாத்துங்க. இதுக்காகப் புதுசா ஒண்ணு வாங்கணும்னு இல்லை. வீட்டுல இருந்தா எடுங்க, இல்லேன்னா எவர்சில்வரும் நாலு சொட்டு எலுமிச்சையும் போதும்.